ஏழாவது வரி

ஜெராக்ஸ் எடுத்த சூடு இன்னும் ஆறாத தாள்கள் முதல் பெஞ்சிலிருந்து பின்னால் நகர்ந்து வந்தன. ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைப் பின்னால் தள்ள வேண்டும். முன்னால் இருந்தவள் திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேல் நீட்டினாள். ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். அப்புறம்தான் முதல் வரியைப் பார்த்தேன்.

'கூப்பிய கரங்களுடனும் கனத்த இதயத்துடனும்...'

ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆனால் அவை யாருடைய கரங்கள், யாருடைய இதயம் என்பது உலகத்தில் ஒருத்திக்குத் தெரியும். அந்த ஒருத்தி மூன்றாவது பெஞ்சில், ஜன்னல் பக்கம், கன்னத்தில் ஒரு நெல்லிக்காய்த் துண்டை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அது நான் எழுதிய மொட்டைக் கடிதம்.

மேசைக்கு முன்னால் நஸ்ரீன் மேடம் நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஆங்கில விரிவுரையாளர். எங்களைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். தற்காலிக வேலை, பருவத்துக்கு ஒரு முறை கல்லூரி புதுப்பித்தால்தான் உண்டு. கையில் சாக்பீஸ் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கை காலியாக இருந்தது.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். இந்தக் கடிதம் அவரைப் பற்றிக் கல்லூரி முதல்வருக்கு வந்திருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். விளக்கம் முதல்வருக்குத் திருப்தி இல்லையென்றால் இந்தப் பருவத்தோடு அவருடைய வேலை முடிந்தது. இதை மாணவிகளிடம் காட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தாராம்.

"வாசிக்கச் சொல்லித் தருவேன் என்று சொல்லித்தான் இந்த வேலைக்கு வந்தேன்," என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் இதை என்னால் ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. கோபம் வருகிறது. நீங்கள் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறீர்கள். உதவுங்கள். பென்சிலை எடுங்கள்."

நாற்பத்திரண்டு பென்சில்கள் எழுந்தன. என்னுடையதும்தான்.

தெருவுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தவள்

இங்கே சற்றுப் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் இந்தத் தொடரில், எங்கள் தெருவுக்கு விளக்கு வந்தது என் மனுவால்தான் என்று எழுதியிருந்தேன். ஒரு வாசகர் தபால் அட்டையில் கேட்டிருக்கிறார்: அதற்கு என்ன ஆதாரம்? நியாயமான கேள்வி. ஆதாரம் கிடையாது. அதே மாதம் கவுன்சிலரின் மச்சான் எங்கள் தெருவில் வீடு கட்டிக் குடிவந்தார் என்ற தகவலை இட நெருக்கடியால் விட்டுவிட்டேன்.

ஹைதராபாத்தில் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையை ஒட்டிய அந்தத் தெருவில் எல்லாரும் மருந்துக் கம்பெனி ஆட்கள். காயப்போட்ட துணியை முகர்ந்தால் காற்று எந்தக் கம்பெனிப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லிவிடலாம். அப்பா ஒரு கம்பெனியில் பாய்லர் பார்த்தார். அம்மா இன்னொன்றில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கினாள். இருவருக்கும் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அவர்களைப் பெற்றவர்களும் போனதில்லை. எங்கள் சொந்தத்தில் புத்தகப் பையை முதன்முதலில் மாட்டிய தோள் என்னுடையது. அந்தத் தோள் கொஞ்சம் உயரமாகவே இருந்தது என்று அப்போது என்னோடு படித்தவர்கள் சொல்வார்கள்.

ஏழாம் வகுப்பிலேயே தெருவுக்கு மனு எழுதும் உத்தியோகம் எனக்கு வந்துவிட்டது. தண்ணீர் லாரி, ரேஷன் கார்டு, மீட்டர் ரீடிங், லீவு லெட்டர். எல்லாம் ஆங்கிலத்தில். எனக்கு ஒரு சூத்திரம் இருந்தது. தொடக்கத்தில் கூப்பிய கரங்கள். நடுவில் கண்ணீர். முடிவில் அதிகாரியின் குழந்தை குட்டிகளுக்கு ஆசீர்வாதம். விஷயம் இவற்றுக்கு இடையில் எங்காவது, இடம் இருந்தால், வரும்.

எழுதி முடித்ததும் வாசித்துக் காட்ட வேண்டும். அது எங்கள் தெரு வழக்கம். தமிழ்க்காரருக்குத் தமிழில், தெலுங்குக்காரருக்குத் தெலுங்கில் சொல்லிக்கொண்டே போவேன். கேட்பவர் அழுதால் மனு சரி. அழாவிட்டால் இன்னும் இரண்டு வரி சேர்ப்பேன்.

எதிர்வீட்டு ரமணம்மாவுக்கு ஒரு தடவை மீட்டர் மனு எழுதி வாசித்தேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்ட ரமணம்மா, முடிந்ததும் அந்தப் பாவப்பட்ட பொம்பளை யார் என்று தெலுங்கில் விசாரித்தாள். நீங்கள்தான் என்றேன். அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம் அழுதாள்.

அப்பா வேலை முடிந்து வந்து, பாய்லர் சூட்டில் கறுத்த முகத்தோடு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார்: "எம் பிள்ளை இங்கிலீசுல எழுதுனான்னா ஆபீசரு எந்திரிச்சு நின்னுல்லா படிப்பாரு."

எந்த ஆபீசரும் எழுந்து நின்றதாகத் தகவல் இல்லை. ஆனால் நான் நம்பினேன்.

ரங்கோலி

இந்தப் பெருமையோடு நான் கல்லூரிக்குப் போனேன். வீட்டிலிருந்து செகந்திராபாத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஹப்சிகுடாவுக்கு இன்னொன்று. அமீர்பேட்டையில் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் கம்ப்யூட்டர் கோர்ஸ் போர்டு தொங்கிய காலம் அது. இங்கிலீஷ் வந்தால் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, வராவிட்டால் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு எதிரே டீக்கடை என்று வகுப்பில் பேசிக்கொள்வோம். எனக்கு அந்தக் கவலையே இல்லை. எனக்குத்தான் வருமே.

நஸ்ரீன் மேடம் முதல் வாரம் ஒரு பாடம் கொடுத்தார். சாலையை அகலப்படுத்துவதற்காக மரங்களை வெட்டிய ஓர் ஊரைப் பற்றி ஒன்றரைப் பக்கம். முக்கியமான இடங்களில் கோடு போட்டு வரச் சொன்னார். நான் நான்கு நிறப் பேனா வாங்கினேன். முதல் வரி முக்கியமாகத் தெரிந்தது, போட்டேன். இரண்டாவதும் அப்படித்தான். எழுதியவர் முக்கியமில்லாததை எதற்கு எழுதப்போகிறார்? ஒன்றரைப் பக்கத்துக்கும் போட்டு முடித்தேன்.

மேடம் என் தாளைத் தூக்கிப் பார்த்தார். "ரங்கோலி நன்றாக இருக்கிறது," என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

அவருடைய முறையே வேறு. பேனா கூடாது, பென்சில் மட்டும். ஒவ்வொரு பத்திக்கும் இடது ஓரத்தில் ஒரு வரி: இந்தப் பத்தி என்ன சொல்கிறது? வலது ஓரத்தில் ஒரு வரி: இந்தப் பத்தி என்ன செய்கிறது? சொல்வதும் செய்வதும் ஒன்றுதானே என்று எனக்குத் தோன்றியது.

அந்தப் பாடத்தில் ஒரு பத்தி முழுக்க மரங்களின் பெயர் மட்டும் இருந்தது. வேம்பு, புங்கை, வாகை என்று ஒரு பட்டியல். இந்தப் பத்தியை எடுத்துவிட்டால் என்ன குறையும் என்று மேடம் கேட்டார். என் பக்கத்தில் உட்காரும் ஜெசிந்தா, நகம் கடித்துக்கொண்டே, மரத்தை வெட்டும்போது எனக்கு வலிக்காது மேடம் என்றாள். மேடம் சாக்பீஸால் அவளைக் காட்டி, அதுதான் அது செய்கிற வேலை என்றார்.

ஜெசிந்தா செகந்திராபாத் ரயில்வே காலனிக்காரி. மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். அவள் தமிழில் பாதி ஹைதராபாத் இந்தி. ஆங்கிலத்திலும் மனு எழுதத் தெரியாதவள். அவளுக்கு எப்படி வந்தது, எனக்கு எப்படி வரவில்லை என்று எனக்குக் கோபம்.

மேடத்துக்கு இன்னொரு பழக்கம். யார் என்ன சொன்னாலும் 'ஏன்?' என்பார். ஆங்கிலத்தில் இரண்டு முறை கேட்டுப் பதில் வராவிட்டால் உள்ளூர் இந்தியில் 'கைக்கு?' என்பார். அதுவும் அதே 'ஏன்'தான். ஆனால் கீழே உட்கார்ந்து பக்கத்தில் கேட்கிற மாதிரி இருக்கும். நாங்கள் அவருக்கு 'கைக்கு மேடம்' என்று பெயர் வைத்திருந்தோம்.

பிறகு அந்தப் பாடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார். நான் இரண்டு முழுப் பக்கம் எழுதினேன். எழுத்தாளரின் பொன்னான உள்ளம், மரங்களின் மௌனக் கண்ணீர், வாசித்த நானும் அழுதது. தெருவில் வாசித்திருந்தால் ரமணம்மா மயங்கி விழுந்திருப்பாள்.

திரும்பி வந்தபோது பத்துக்கு இரண்டு. ஓரமெல்லாம் சிவப்பு. கடைசியில் ஒரு வரி: 'நீ பாராட்டியிருக்கிறாய். இன்னும் வாசிக்கவில்லை.'

வாசிக்கவில்லையாம். எங்கள் வம்சத்திலேயே வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளைப் பார்த்து.

ஆலோசனைப் பெட்டி

முதல்வர் அறைக்கு வெளியே ஓர் ஆலோசனைப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அதுவரை சாக்லேட் காகிதம்தான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என் கையெழுத்து அழகானது, ஊருக்கே தெரிந்தது என்பதால், பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிடிபி கடையில் உட்கார்ந்து தட்டச்சு செய்து வாங்கினேன். அவ்வளவு முன்ஜாக்கிரதை.

மொத்தம் ஒன்பது வாக்கியம். மாணவிகள் அனைவரும் தினமும் கண்ணீர் விடுகிறார்கள். கேள்வி கேட்டே அவர்களை நோயாளிகள் ஆக்குகிறார். இளைய தலைமுறையின் எதிர்காலம் கண்ணெதிரே கருகுகிறது. இப்படியே போய் ஏழாவது வாக்கியம்: 'இரண்டு பக்கம் வியர்வை சிந்தி எழுதிய ஏழை மாணவிக்கு இரண்டே மதிப்பெண் போட்டு, விடைத்தாளின் மேல் ரத்தம் போலச் சிவப்பு மையைக் கொட்டுகிறார்.' எட்டாவதும் ஒன்பதாவதும் முதல்வரின் குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

பெட்டியில் போடுவதற்கு முன் வழக்கப்படி வீட்டில் தமிழில் வாசித்துக் காட்டினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதது அதனால் மட்டும் இல்லை என்பது எனக்கு நிச்சயம்.

"ஏட்டி, அந்தப் பொம்பளை உன்னைய அடிக்காளா?" என்றாள்.

அடிக்கவில்லை, ஆனால் அடித்த மாதிரிதான் என்றேன்.

அப்பா ஒன்றுதான் கேட்டார். பேர் போடலையா? இதுக்கெல்லாம் பேர் போட மாட்டார்கள் என்றேன். அவர் தலையாட்டினார். அது புரிந்த தலையாட்டல் இல்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

நாற்பத்தொரு பென்சில்

வகுப்புக்குத் திரும்புவோம். மேடம் கரும்பலகையில் நடுக்கோடு கிழித்து இரண்டாகப் பிரித்தார். இடப்பக்கம் சொல்வது, வலப்பக்கம் செய்வது.

முதல் வாக்கியம். கூப்பிய கரங்கள், கனத்த இதயம். என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை என்றாள் ஒருத்தி. என்ன செய்கிறது? படிக்கிறவரை முதலிலேயே பாவம் பார்க்க வைக்கிறது என்றாள் இன்னொருத்தி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு வருஷத் தொழில் ரகசியம் ஒரு வரியில் போய்விட்டது.

அடுத்தது, மாணவிகள் அனைவரும் கண்ணீர் விடுகிறார்கள். மேடம் முகத்தை இறுக்கிக்கொண்டு, அழுதவர்கள் கை தூக்கலாம், நான் தவறாக நினைக்க மாட்டேன் என்றார். ஒரே ஒரு கை எழுந்தது. அவள் அழுதது உண்மைதானாம், ஆனால் அது அக்கவுன்டன்சி பேப்பருக்காகவாம். வகுப்பு சிரித்தது. மேடமும் சிரித்தார், சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதைப் பார்த்தபோதுதான், இவருக்கு நிஜமாகவே வேலை போகப்போகிறது என்று எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் நான் எழுதியது ஒரு நல்ல மனு. அவ்வளவுதான் நினைத்திருந்தேன்.

ஆறாவது வாக்கியம் வரை வந்தோம். வாக்கியம் ஆறு, நடந்த சம்பவம் பூஜ்யம் என்று மேடம் எழுதினார். மணி அடித்தது. மீதி மூன்று வாக்கியங்களை நீங்களே பாருங்கள் என்றார். புதன்கிழமைக்கு வீட்டுப்பாடம்: இந்தக் கடிதத்தை எழுதியவர் எப்படிப்பட்டவராக இருக்கலாம்? ஒரு பக்கம். நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் கடிதத்திலிருந்தே ஒரு வரியைக் காட்ட வேண்டும். யார் என்று பெயர் எழுதக் கூடாது. ஊகத்துக்கு மார்க் கிடையாது.

பஸ் ஸ்டாப்பில் ஜெசிந்தா என் பையைப் பிடித்து இழுத்தாள்.

"உன் லெட்டர்தானே டீ?"

இல்லவே இல்லை என்றேன்.

"நக்கோ டீ, வேணாம், கதை விடாதே. போன மாசம் எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவ் லெட்டர் எழுதிக் குடுத்தியே. அதுலயும் இதே கூப்பின கை, இதே கனத்த இதயம். கல்யாணத்துக்குப் போறதுக்கு என் இதயம் கைக்கு டீ கனக்கணும்?"

அவள் சும்மா சொல்லவில்லை, ஆதாரத்தோடு சொன்னாள்; அதுதான் கஷ்டம். என் பஸ் வந்தது. நான் ஏறும்போது, இதை என் பேப்பரில் எழுத மாட்டேன், நீயே போய்ச் சொல்லிவிடு என்று கத்தினாள். பெண்கள் சீட்டில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஓய்வுபெற்ற குமாஸ்தா

நான் போய்ச் சொல்லவில்லை. அதைவிடப் புத்திசாலித்தனமான ஒன்றைச் செய்தேன். வீட்டுப்பாடம் எழுதினேன்.

இந்தக் கடிதத்தை எழுதியது மாணவியே இல்லை, ஓர் ஓய்வுபெற்ற குமாஸ்தா என்று நிரூபிப்பதாகத் திட்டம். பென்சிலை எடுத்துக்கொண்டு, என் கடிதத்தையே யாரோ எழுதியதுபோல் பார்க்க ஆரம்பித்தேன். 'கூப்பிய கரங்கள்': இந்தக் காலத்து மாணவி பேசும் மொழி இல்லை, அலுவலகத்தில் பழகிய மொழி. 'இளைய தலைமுறை': தலைமுறைக்குள் இருப்பவர் அதை இப்படிச் சொல்ல மாட்டார், வெளியே நின்று பார்ப்பவர்தான் சொல்வார். கடைசி ஆசீர்வாதம்: ஆசீர்வதிப்பது வயதில் பெரியவர்கள். ஒவ்வொன்றுக்கும் வரி காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் அது என்ன செய்கிறது என்று எழுதினேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எழுத எழுத எனக்குக் குஷியாகிவிட்டது. முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை அடுத்த வாக்கியம் தாங்கி நின்றது. யாரும் அழவில்லை, யாரையும் ஆசீர்வதிக்கவில்லை, ஆனாலும் பக்கம் நகர்ந்தது. மேடம் இரண்டு மாதமாக என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்று எங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் எனக்குப் புரிந்துபோனது. என் முகத்தில் நரைத்த மீசையும் மூக்குக் கண்ணாடியும் முளைத்துவிட்ட மாதிரி அந்தக் குமாஸ்தாவை நானே நம்பத் தொடங்கினேன்.

நான் எழுதிய முதல் உருப்படியான ஆய்வு, ஒரு பொய்யை நிரூபிப்பதற்காக எழுதியது.

வியாழக்கிழமை தாள்கள் திரும்பி வந்தன. எனக்குப் பத்துக்கு எட்டு. வகுப்பிலேயே அதுதான் அதிகம். மேடம் என் பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டினார். இதுதான் நான் கேட்டது, முத்துச்செல்வி பாராட்டவில்லை, வாசித்திருக்கிறாள் என்றார். ஜெசிந்தா பெஞ்சுக்கு அடியில் என் காலை மிதித்தாள். பலமாகவே மிதித்தாள்.

தாள் என் கைக்கு வந்ததும் குறைந்துபோன இரண்டு மார்க்கைத் தேடினேன். பழக்கதோஷம். பக்கத்தின் அடியில், சிவப்பில் இல்லை, பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தது: 'ஏழாவது வரி எங்கே?' அதற்குக் கீழே இன்னும் சின்னதாக: 'கைக்கு?'

காலியாக இருந்த நான்கு வரி

ஆசிரியர் அறையில் மேடம் தனியாக இருந்தார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. என்னைப் பார்த்து உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

"மற்ற நாற்பத்தொரு பேரும் ஏழாவது வரியில்தான் தொடங்கியிருக்கிறார்கள்," என்றார். "கடிதத்தில் நிஜமாக நடந்த ஒரே விஷயம் அதுதான். தாளைத் திரும்ப வாங்கிய மாணவிக்குத்தான் அது தெரியும். நீ அதைத் தொடவே இல்லை. ஏன்?"

இடம் போதவில்லை மேடம் என்றேன்.

அவர் என் தாளைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். "நான்கு வரி காலியாக இருக்கிறது."

அந்த நான்கு காலி வரிகளையும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். அதைச் சொல்ல ஒரு வாக்கியம்தான் தேவைப்பட்டது. அதற்கு முன் ஆயிரம் வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன்.

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மார்க் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் திங்கட்கிழமையே தெரிந்திருக்கும், இரண்டு மார்க் வாங்கியவர்கள் ஐந்தே பேர்தான் என்றார். புரட்டவில்லையாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, விளக்கத்தை எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை என்றார். எங்களுக்கு ஒவ்வொரு கட்டுரையும் எப்படித் தொடங்குவது என்று சொல்லித் தந்தவர்.

நானே முதல்வருக்கு எழுதுகிறேன், உங்களிடம் காட்டிவிட்டுக் கொடுக்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"நான் பார்த்தால் அது என் கடிதம் ஆகிவிடும். நீ எழுதுவதும் எழுதாததும் உன் விஷயம். எனக்கு நாளை பத்து மணி வரை நேரம் இருக்கிறது."

யாரும் அழவில்லை

அன்று சாயங்காலம் எழுதியது மொத்தம் ஆறு வாக்கியம். இன்ன தேதியில் பெட்டியில் போட்ட கடிதத்தை எழுதியது நான். எனக்கு இரண்டு மார்க் வந்த கோபத்தில் எழுதினேன். வகுப்பில் யாரும் அழுது நான் பார்த்ததில்லை, யாரும் நோயில் விழுந்ததாகவும் எனக்குத் தெரியாது. சிவப்பு மையில் இருந்த குறிப்புகள் ஒவ்வொன்றும் சரியானவை. அந்தத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை.

ஏழாவதாக ஒரு வாக்கியம் எழுதினேன்: நஸ்ரீன் மேடம்தான் இந்தக் கல்லூரியிலேயே சிறந்த ஆசிரியர். எழுதிவிட்டு, மற்ற எத்தனை பேரை ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று எண்ணினேன். அடித்துவிட்டேன்.

வழக்கப்படி வாசித்துக் காட்டினேன். அம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முடிந்த பிறகும் அடுத்தது வரும் என்று காத்திருந்தாள்.

"அம்புட்டுத்தானா? அழுகையே வரலையே. இது வேலைக்காகுமாட்டி?"

அம்புட்டுத்தான் என்றேன்.

"அப்ப அந்தப் பொம்பளை உன்னைய அடிக்கலையா?"

"இல்ல."

"அப்ப அன்னைக்கு நான் எதுக்குட்டி அழுதேன்?"

கல்லூரியில் யாரும் என்னை அதைவிடக் கஷ்டமான கேள்வி கேட்டதில்லை.

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் தாளின் எந்த மூலையில் என்ன இருக்க வேண்டும் என்று தெரியும். கீழே என் கையெழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதுல பேர் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்பா."

"அன்னைக்குப் போடலன்னு சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. நாங்க எழுதத் தெரியாதவங்க. நாங்களே ரேகை வச்சு, இது எங்களதுன்னு சொல்லுதோம்லா."

அவ்வளவுதான் சொன்னார். தாளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒன்பதரைக்கு முதல்வர் அறைக்குப் போனேன். அவர் ஆறு வாக்கியத்தையும் இரண்டு தடவை படித்தார். இணைத்திருந்த தாளையும் புரட்டி, சிவப்புக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பியூனைக் கூப்பிட்டு, நஸ்ரீன் மேடம் விளக்கம் எதுவும் தர வேண்டியதில்லை என்று சொல்லியனுப்பினார். எனக்கு ஒரு மாதம், தினமும் மதியம், நூலகத்தில் தூசி தட்டும் வேலை விதித்தார். ஆலோசனைப் பெட்டியைக் கழற்றச் சொன்னார். அதற்காக இன்றுவரை யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

மேடத்தின் வேலை அந்தப் பருவமும் அடுத்த பருவமும் புதுப்பிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவரே விட்டுவிட்டுப் போனார். கொண்டாப்பூரில் ஒரு கம்பெனி, வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரக் கூப்பிட்டிருந்தது. அங்கேயும் 'கைக்கு?' என்று கேட்டிருப்பார். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இந்த இடத்தில் அத்தியாயத்தை முடித்துக்கொண்டால் நான் கொஞ்சம் நல்லவளாகத் தெரிவேன். ஆனால் பக்கத்தில் இன்னும் நான்கைந்து வரிக்கு இடம் இருக்கிறது.

நான் கிளம்பும்போது முதல்வர் கோப்பிலிருந்து பழைய கடிதத்தை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இங்கிலீஷ் முதல் லெட்டரில்தான் ரொம்ப நன்றாக இருக்கிறது. நிஜமாகவே நீ எழுதியதா?"

"ஆமாம் சார்," என்றேன்.

ஒரு மனுஷியின் வேலையைப் பறிக்கப்பார்த்த கடிதம் அது. அதன் குற்றச்சாட்டு எதுவும் உண்மையில்லை என்று பத்து நிமிஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்திருந்தேன். அப்படியும், கதவைச் சாத்திக்கொண்டு வராந்தாவில் நடந்தபோது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.